கடல் பசுவின் வயிற்றில் ஒரு கல்யாணப் பை

"ஏங்க... உங்க மூட்டை ஒழுகுது!"

பிரகதீஸ்வரி திடுக்கிட்டுத் திரும்பினாள். முத்துப்பேட்டையிலிருந்து மன்னார்குடிக்கு வரும் பஸ். வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. அவள் சாய்த்து வைத்திருந்த சாக்கு மூட்டையிலிருந்து வடிந்த கடல் தண்ணீர், பக்கத்து சீட்டுக்காரனின் வெள்ளை வேட்டியை ஒரு வழி பண்ணியிருந்தது.

"ஐயய்யோ... ஸாரிங்க!"

"ஸாரி இருக்கட்டும். இந்த நாத்தம் நாறுதே, என்னங்க இது? கருவாடா?"

"குப்பை."

"குப்பையா? குப்பைக்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்கற ஆளை இப்பத்தாங்க பார்க்கறேன்!"

அவளுக்குச் சுருக்கென்றது. "ஊருலேருந்து ஆத்துல மிதந்து கடலுக்குப் போனப்ப இது டிக்கெட் எடுக்கலை. திரும்பி வர்றப்போ எடுத்துக்குது. உங்களுக்கென்ன?"

அவன் சிரித்தான். உதடு சிரிப்பதற்கு முன்பே கண் சிரித்துவிடுகிற ரகம். பாழாய்ப்போன கண்கள்! திட்ட வந்தவள் மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அப்புறம் பேச்சு தானாக வளர்ந்தது. அவள் மன்னார்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். முத்துப்பேட்டைக் கரையில் ஒதுங்குகிற பிளாஸ்டிக்கைப் பொறுக்கி, பத்தடி நீளத்துக்கு ஒரு கடல் பசு செய்யப்போகிறாள். நம் கடலில் புல் மேய்கிற சாது ஜீவன். அதைத் தெப்பக்குளக் கரையில் நிறுத்தினால், ஆற்றில் குப்பை போடுகிறவர்கள் ஒரு தடவையாவது யோசிப்பார்கள் அல்லவா?

"ஆனா இரும்புச் சட்டம் அடிச்சுத் தர ஆளில்லைங்க" என்றாள்.

அவன் மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு எங்கேயோ போயிருந்தது.

"நான் அடிச்சுத் தர்றேன். வெல்டிங் பட்டறைதான் வெச்சிருக்கேன்."

"கூலி?"

"இன்னொரு வேட்டி நனையாம இருந்தா போதும். உங்க பேரு?"

"பிரகதீஸ்வரி."

"அப்பாடி, எவ்வளோ நீளம்! ஸ்கூல்ல உங்க பேரைக் கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள பெல் அடிச்சிருக்குமே?"

"உங்க பேரு என்னவாம்?"

"ராஜராஜன்."

"சரியாப் போச்சு! நம்ம பக்கம் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா பாதி பஸ் திரும்பும்."

இப்படித்தான் ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பள்ளியின் சைக்கிள் ஷெட்டுக்கு அவன் வந்தான். தோளில் பச்சை டூல்ஸ் பெட்டி. அதன் மேல் 'வைரக்கண்ணு வெல்டிங் ஒர்க்ஸ்' என்று பெயின்ட் எழுத்து. "அப்பா பேருங்க" என்றான். கதிர் அறுக்கும் மிஷினை ரிப்பேர் பார்த்துப் பழகிய கை. கடல் பசுவுக்கு விலா எலும்பு எழுந்தது, முதுகு வளைந்தது. அவள் அதன் மேல் பாட்டில் மூடியும் அறுந்த வலையுமாகத் தோல் தைத்தாள்.

அவனிடம் ஒரு பழக்கம். எந்த மூட்டை வந்தாலும் அவன்தான் பிரிப்பான். ஒவ்வொரு கவரையும் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் பக்கம் தள்ளுவான்.

"அதுல என்ன தங்கமா இருக்கு?"

"சும்மாதான் டீச்சர்..."

சுத்தக்காரர் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டது அது மட்டுமா? திங்கட்கிழமையே ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை நாள் என்று எண்ண ஆரம்பித்திருந்தாள். பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. அவன் மட்டும் ஒரு வார்த்தை சொன்னால்...

மூட்டைகளில் அதிகம் வந்தவை கல்யாண வீடுகளில் தேங்காயும் வெற்றிலையும் போட்டுத் தருகிற பிளாஸ்டிக் தாம்பூலப் பைகள். மாப்பிள்ளை பேர், பெண் பேர், மண்டபம், தேதி எல்லாம் அழியாமல் அப்படியே! டெல்டாக் கல்யாணம் மொத்தமும் கடலுக்கு வந்து மொய் எழுதியிருந்தது. அந்தப் பைகளாலேயே வயிற்றை நிரப்புவதென்று அவள் முடிவு செய்தாள்.

ஆறு வாரத்தில் வேலை முடிகிற கட்டம். ஞாயிற்றுக்கிழமை திறப்பு. வால் மட்டும் பாக்கி. அந்த வாரம் தினமும் வந்தவன் வெள்ளிக்கிழமை மட்டும் மிஷின் ரிப்பேருக்கு வெளியூர் போயிருந்ததால், கடைசி மூட்டையை அவளே பிரித்தாள்.

ரோஸ் நிறத்தில் ஒரு பை. உதறி நிமிர்த்தினாள்.

'வைரக்கண்ணு இல்லத் திருமண விழா. மணமகன் ராஜராஜன். மணமகள் சாவித்திரி.' தேதி, போன வருஷத்துத் தை மாதம்.

ராஜராஜன் ஆயிரம் பேர் இருக்கலாம். வைரக்கண்ணு மகன் ராஜராஜன்?

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமானவரா? ஒரு வார்த்தை சொல்லவில்லையே... சரி, காதல் என்று மட்டும் சொன்னாரா? அதுவும் இல்லை. எதை வைத்துச் சண்டை போடுவது? அழுகையை விட அந்த அவமானம்தான் அதிகமாகச் சுட்டது. போனை எடுத்தாள். 'இனி வர வேண்டாம். வாலை வேறு ஆள் பார்த்துக்கொள்வார்.'

வேறு ஆள் யாரும் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம், மழையோடு மழையாக அவன் வந்து நின்றான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"டீச்சர்... நான் என்ன தப்பு பண்ணேன்?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்லை சார். லீவு நாள்ல வீட்டுல இருக்கறவங்களோட இருங்க."

"வீட்டுல அப்பாவும் அம்மாவும்தானே..."

"போதும்!" பையை அவன் முன்னால் வீசினாள். "இவங்க யாரு?"

அவன் முகம் வெளுத்துப்போனது.

"கிடைச்சிருச்சா..." என்றான் மெல்ல. "இதைத்தான் டீச்சர் ஆறு வாரமாத் தேடினேன். உங்க கண்ணுல படறதுக்கு முன்னாடி எடுத்துடணும்னு."

"அப்போ மறைக்கத்தானே பார்த்தீங்க!"

"ஆமா. ஆனா கல்யாணத்தை இல்லை. அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லைங்க."

மழைச் சத்தம் பெரிதாக இருந்தது. ஆனாலும் அவளுக்குத் தெளிவாகவே கேட்டது.

"என்ன சொன்னீங்க?" இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது.

"நடக்கலைங்க. ஆயிரம் பை அடிச்சு வீட்டுல வந்து இறங்கின அன்னிக்குத்தான் சாவித்திரி போன் பண்ணுச்சு. மனசுல வேற ஆள் இருக்கு, வீட்டுல சொல்ல பயமா இருக்குன்னு ஒரே அழுகை. பாவம்... நானே எனக்கு வேணாம்னு சொல்லி நிறுத்திட்டேன். ஊரே ஏசுச்சு. அப்பா ஆறு மாசம் முகம் கொடுத்துப் பேசலை. சாவித்திரி இப்ப புருஷனோட திருச்சியில நல்லா இருக்கு."

"பை?"

அவன் தலை குனிந்தது.

"அம்மா அதைப் பார்த்துப் பார்த்து அழுதாங்க. ஒரு நாள் கோவத்துல கட்டோட தூக்கிட்டுப் போய் பாமணி ஆத்துல கொட்டிட்டேன். ஆயிரத்தையும். ஆத்துல குப்பை போடறவங்க யோசிக்க மாட்டாங்களான்னு பஸ்ல நீங்க கேட்டப்ப, என்னையே கேட்ட மாதிரி இருந்துச்சு. அந்தக் கடனுக்குத்தான் கூலி வேணாம்னேன்."

ஆற்றில் ஆயிரம் பையைக் கொட்டியவன்! டீச்சர் கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வெள்ளிக்கிழமையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் உருண்டு போன சுகத்தில், அவளுக்குக் கண்தான் நிறைந்தது. அப்பாடா... அப்பாடா!

"அழுவறீங்களா?"

"சாரல்" என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. பையை எடுத்து நீட்டினான். "இதை வயித்துல முன்னாடியே தைங்க. நாளைக்கு நானே பக்கத்துல நின்னு, ஆத்துல போட்டது நான்தான்னு சொல்றேன். சாவித்திரி பேரை மட்டும் உள்ள மடிச்சுடுங்க. அது நல்லா இருக்கட்டும்."

அவன் வாலை வெல்டிங் வைத்தான். அவள் தூண்டில் நரம்பால் பையைத் தைத்தாள். முடித்துப் பார்த்தபோது 'மணமகன் ராஜராஜன்' மட்டும் தெரிந்தது. பக்கத்தில் மடிப்பு.

"மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது கடல்ல கிடக்கு" என்றான் பின்னாலிருந்து. "ஒத்தை ஆளாப் பொறுக்கினா தீராது. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆயுசுக்கும் கூட வர்றீங்களா... பிரகதீஸ்வரி?"

முதல் தடவையாக அவள் பேரை, ஓர் எழுத்தும் விழுங்காமல் சொன்னான்.

அவள் திரும்பவில்லை. நரம்பை முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"வர்றேன். ஆனா நம்ம கல்யாணத்துக்குத் துணிப் பைதான்."

"சரி..."

"பெரிய பையா தைக்கச் சொல்லுங்க. என் பேரு நீளம்."