ஆறாவது திருகாணி

ஆபரேஷன் முடிந்த பத்தொன்பதாம் நாள், நண்பகல் தொழுகையான லுஹருக்குப் பாங்கு சொல்லி ஓய்ந்த சற்று நேரத்தில், மீரா சாகிபுவின் முதுகுக்குள் ஒரு திருகாணி கால்சுற்றுத் திரும்பியது.

வலி இல்லை. அதுதான் அவரை முதலில் உறுத்தியது. அறுபத்திரண்டாம் வருஷம் ஆனியில் தோணியின் பாய்மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு நொறுங்கியது. அன்றுமுதல் வலியில்லாத நேரம் என்று ஒன்றை அவர் கண்டதில்லை. ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு திருகாணிகளை இறக்கி எலும்பை எலும்போடு பிணைத்து, அக்குளிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டுப் போட்டு, பாம்பனுக்கு அனுப்பியிருந்தார்கள். கூரையைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாமல் மல்லாந்து கிடந்தார். வெளியே காயும் கருவாட்டின் வாடையும் கட்டுக்குள் ஊறிய வியர்வை வாடையும் கலந்து மூச்சை அடைத்தன. தூரத்தில் ரயில் பாலமேறும்போது கட்டில் கால்கள் அதிர்ந்தன. அந்த அதிர்வு அடங்கிய பின்னும் முதுகுக்குள் ஏதோ ஒன்று அடங்காமல், வேலை தெரிந்த கைபோல, நிதானமாகத் திருகிக்கொண்டே இருந்தது.

டாக்டர் பொன்னுச்சாமி அனுப்பும்போதே எச்சரித்திருந்தார். திருகாணி எலும்பை எவ்வளவு இறுக்கமாகக் கவ்வியிருக்கிறது என்று காட்ட, முள் வைத்த திருப்புளி ஒன்று அவரிடம் இருந்தது. ஐந்து திருகாணிகளுக்கு முள் இருபதைத் தாண்டியதாம். ஆறாவதற்கு நான்கிலேயே நின்றுவிட்டதாம். அங்கே எலும்பு உளுத்திருக்கிறது, அசையாமல் கிடந்தால் பிடித்துக்கொள்ளும் என்றார்.

மீரா சாகிபுவின் மனைவி மெஹருன்னிசா, உள்ளே திருகுகிறது என்பதெல்லாம் படுத்தே கிடப்பதால் வரும் பிரமை என்றாள். அவர் கெஞ்சவே, கட்டின் விலாப்பக்கம் காதை வைத்தாள். வெகுநேரம் காதை எடுக்கவில்லை. நிமிர்ந்தபோது அவள் உதடு வெளுத்திருந்தது.

"என்ன புள்ள கேட்டுச்சு?"

"ஒண்ணுமில்ல. விடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

அதற்குப் பிறகு அவள் கட்டிலைத் தொடவில்லை. தண்ணீரைக்கூட எட்ட நின்றே நீட்டினாள்.

மறுநாள் முதல் ரயிலில் பலகையில் கிடத்தித் தூக்கிப் போனார்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்த டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, திரும்பத் திரும்பப் பார்த்தார். கழன்று வெளியே வந்திருக்கும் என்று அவர் நினைத்த ஆறாவது திருகாணி இன்னும் ஆழமாக உள்ளே போயிருந்தது. நரம்பைத் தொடுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றார். நெஞ்சு பலவீனம் என்பதால் மயக்கம் கொடுக்கவில்லை. முதுகு மரத்துப்போக ஊசி மட்டும் போட்டார்கள். மாவுக்கட்டை அறுத்து, குப்புறப் போட்டு, கைகால்களை மேசையோடு வாரால் கட்டினார்கள்.

டாக்டர் திருப்புளியைப் பொருத்தி இடப்பக்கம் திருப்பினார். கம்பவுண்டர் காதர் மைதீன் முள்ளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தார். பதினொன்று. பத்தொன்பது. இருபத்தாறு.

"முள்ளு கடைசிக் கோட்டுக்கு வந்துருச்சு சார்."

டாக்டர் மீரா சாகிபுவின் காதருகே குனிந்தார். "முதுக இறுக்காதீங்க பாய். உள்ள இழுத்துப் பிடிக்கிறீங்க."

"நான் ஒண்ணும் பண்ணலையே டாக்டர்."

இறுக்க அவரிடம் முதுகே இல்லை. அக்குளுக்குக் கீழே எல்லாம் மரத்திருந்தது.

ஒரு தட்டு தரையில் விழுந்து உருண்டது. காலடிகள் பின்வாங்கின.

"டாக்டர்?"

மீரா சாகிபு மணிக்கட்டுகளை வாரோடு இழுத்துப் பார்த்தார்.

"வாரை அவுத்து விடுங்க."

கழுத்தை மட்டும் திருப்ப முடிந்தது. திருப்பினார். மருந்து அலமாரியின் கண்ணாடியில் அறை தெரிந்தது. நல்ல வெயில். டாக்டரும் கம்பவுண்டரும் எதிர்ச்சுவரோடு ஒட்டி நின்றார்கள். நான்கு கைகளும் வெறுமையாக.

அவர் முதுகில் திருப்புளி நட்டு வைத்தாற்போல் நின்றது.

வலப்பக்கம் திரும்பியது. நின்றது. மறுபடி திரும்பியது. ஒவ்வொரு திருப்புக்கும் அதன் மரப்பிடி, கொஞ்சம் கொஞ்சமாக, அவர் உடம்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.