சத்தம் நின்ற பிறகு

முகமது இஸ்மாயில் ஜெனிஷாவின் போனைக் காதோடு ஒட்டி வைத்து, அவள் கம்ப்யூட்டரின் இரைச்சலை எடுத்திருந்த பதிவை இரண்டாவது தடவையும் கேட்டார். கொரட்டூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர். சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார்.

"ஃபேன் அவுட்டும்மா. பேரிங் தேஞ்சு போய் கீது. இப்படியே உட்டா கிராஃபிக்ஸ் கார்டே சூடாயி பூடும்." போனைத் திருப்பிக் கொடுத்தவர் ஒரு கணம் தயங்கினார். "ஆமா, இத்த ரெக்கார்ட் பண்ணும்போது யார்கிட்ட பேசிகினு இருந்த?"

"யார்கிட்டயும் இல்ல பாய். வீட்ல நான் மட்டும்தான். மூச்சுகூட விடாம எடுத்தேன்."

"உன் கொரல்தாம்மா. ஃபேன் சத்தத்துக்கு அடியில. கம்மியாத்தான் கேக்குது."

ஜெனிஷா வாங்கிக் கேட்டுப் பார்த்தாள். கரகரவென்ற இரைச்சலைத் தவிர வேறெதுவும் அவள் காதில் விழவில்லை. சிரித்துவிட்டுப் புது ஃபேனை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

கட்டப் போகும் அடுக்குமாடி வீடுகளைக் கட்டி முடித்த மாதிரியே படமாக்கித் தருவது ஜெனிஷாவின் வேலை. பகல் முழுக்க வீட்டில் தனியாக உட்கார்ந்து செய்வாள். கணவன் அலெக்ஸ் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். ஏரிக்குப் பக்கத்திலிருந்த இந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு அவர்கள் குடிவந்து எட்டு மாதம். வந்த மறுவாரமே அந்த ஃபேன் முனகத் தொடங்கி, போகப் போகப் பெரிய இரைச்சலாகிவிட்டது. அதோடு வாழப் பழகியிருந்தாள். அதற்கு மேல் குரலை உயர்த்தித்தான் போனில் பேசுவாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றரை. மழை பெய்யப் போகிற மாதிரி வெளிச்சம் மங்கியிருந்தது. ஏரியிலிருந்து வந்த காற்றில் பாசி வாடை. படுக்கையறையில், சாமான் போட்டு வைக்கும் லாஃப்டுக்குக் கீழே இருந்த மேஜையில் கம்ப்யூட்டரைப் பிரித்து, கார்டைக் கழற்றி, நான்கு சின்ன ஸ்க்ரூக்களை ஒரு மூடியில் போட்டு வைத்தாள். பழைய ஃபேன் எளிதில் வரவில்லை. நெம்பியதில் அதன் இறக்கை ஒன்று உடைந்தது. அடியில் திட்டுத் திட்டாகக் கறுத்த தூசு. துடைத்து, புதியதைப் பொருத்தி, கார்டை இடத்தில் அழுத்தி, பட்டனைத் தட்டினாள்.

ஃபேன் சுற்றியது. சத்தமே இல்லை.

எட்டு மாதம் கழித்து அந்த அறை தன் இயல்பான அமைதிக்கு வந்தது. தூரத்தில் ஆவடிப் பக்கம் போகும் மின்சார ரயில், கீழே யாரோ குடத்தை வைக்கும் ஓசை, சுவரில் நடக்கும் கடிகாரம் எல்லாம் ஒவ்வொன்றாகக் காதுக்கு வந்து சேர்ந்தன. அவற்றோடு இன்னொன்றும் வந்தது. ஈரமான உதடுகள் பிரிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம்.

பிறகு மிகத் தாழ்ந்த குரலில், "ஆமாங்க சார். நாளைக்கு அனுப்பிடறேன்."

அவளுடைய குரல்.

ஸ்பீக்கரில் ஏதோ பழைய பதிவு ஓடுகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். ஸ்பீக்கரை அணைத்தாள். "நாளைக்கு அனுப்பிடறேன். ஞாயித்துக்கிலமை..." குரல் நின்றது. யோசித்தது. "கிலமை. கிளமை. கிழமை." சரியாக வந்ததும் அதற்குத் திருப்தி ஏற்பட்டிருக்க வேண்டும், அதையே நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தது.

ஜெனிஷா பிளக்கைப் பிடுங்கினாள். திரை இருண்டது.

"ஞாயித்துக்கிழமை மட்டன் எடுத்துடலாமா?" என்றது குரல்.

லாஃப்டிலிருந்து. அவள் தலைக்கு மேலே, மூடியிருந்த பிளைவுட் கதவுக்குப் பின்னாலிருந்து. எட்டு மாதமாக அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு நேர் மேலே.

எப்போது எழுந்தாள், எப்படி ஹாலுக்கு வந்தாள் என்பது அவளுக்கே தெரியவில்லை. சுவரோடு சாய்ந்து நின்றாள். உள்ளே அந்தக் குரல் இப்போது ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது. "அலெக்ஸ்." சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி. "அலெக்ஸ்!" கோபமாக. "அலெக்ஸ்..." விளக்கணைத்த பிறகு அவன் காதருகே மட்டும் அவள் சொல்லும் விதத்தில். அது துளியும் பிசகவில்லை.

அது அவனுக்காகத்தான் இத்தனை நாள் கற்றிருக்கிறது.

மணி ஐந்தேகால். ஐந்தரைக்கு வந்துவிடுவான். போன் உள்ளே மேஜைமேல் கிடந்தது. வராண்டாவுக்கு ஓடி எதிர்வீட்டு பத்மாக்காவின் கதவைத் தட்டினாள். பூட்டு தொங்கியது. "அக்கா" என்று கத்த வாயைத் திறந்தாள்.

காற்றுதான் வந்தது.

மறுபடியும் முயன்றாள். தொண்டை வலித்தது, நரம்பு புடைத்தது, ஓசை எழவில்லை. குரல் கம்மவில்லை, அடைக்கவும் இல்லை. அது அவளிடம் இல்லை, அவ்வளவுதான்.

மாடிப்படியில் அலெக்ஸின் காலடி. ஓடிப்போய் அவன் கையைப் பற்றினாள்.

"இன்னாச்சு ஜெனி? இன்னா இப்படி வேர்த்துக் கெடக்கு?"

தலையை ஆட்டினாள். கீழே இழுத்தாள். போகலாம், போகலாம் என்று வாயசைத்தாள்.

"தொண்ட கட்டிக்கிச்சா? உள்ள வா, சுடுதண்ணி வெச்சுத் தர்றேன்." அவளை அணைத்தபடியே வாசலைத் தாண்டினான். "ஏ, ஃபேன் மாத்திட்டியா? ஊடே அமைதியா கீது."

அப்போது அறைக்குள்ளிருந்து அவள் அழுதாள்.

"அலெக்ஸ்... அலெக்ஸ், அந்தக் கைய விடு. அது நான் இல்ல. நான் இங்க இருக்கேன். மத்தியானத்துலேருந்து வெளிய வரவே பயமா இருக்கு. சீக்கிரம் வா அலெக்ஸ்."

அலெக்ஸ் நின்றான். அறையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"ஜெனி, ஏதாச்சும் பேசு," என்றான். "என் பேர மட்டும் சொல்லு. போதும்."

அவள் தன் உயிரையெல்லாம் திரட்டி வாயைத் திறந்தாள்.

காற்று.

அவன் முகம் மாறியது. அவளைப் பார்த்து அவன் பயந்ததை அவள் இதுவரை கண்டதில்லை. தன் கையைச் சுற்றியிருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். அவளைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தான். அறைக்குள் போனான். தாழ்ப்பாள் விழுந்தது.

"வந்துட்டேன்மா. ஜெனி? எங்க கீற?"

"இங்கதான். மேல பாரு."

ஜெனிஷா கதவை அறைந்தாள். தோளால் இடித்தாள். அசையவில்லை. தரையில் விழுந்து, கதவுக்கும் டைல்ஸுக்கும் நடுவே இருந்த விரற்கடை இடைவெளியில் கண்ணை வைத்தாள்.

அவனுடைய இரண்டு பாதங்கள். லாஃப்டுக்கு நேர் கீழே. அசையாமல்.

மேலே பிளைவுட் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது.

பாசி வாடை.

குதிகால்கள் மெல்ல எழும்பின. எதையோ எட்டிப் பிடிக்கப் போகிறவன் மாதிரி கால்விரல்களில் நின்றான். பிறகு அந்த விரல்களும் தரையை விட்டன. ஒன்று. இன்னொன்று. அவசரமே இல்லாமல் பாதங்கள் மேலே போய்க்கொண்டிருந்தன. கணுக்கால் வரைதான் தெரிந்தது. பிறகு உள்ளங்கால். பிறகு வெறும் டைல்ஸ்.