களாக்காய்ப் பால்

"என் பொண்டாட்டிதான் பண்ணியிருக்கணும் மேடம். உறுதியா தெரிஞ்சிடுச்சின்னா, இன்னிக்கே அவள அம்மா வூட்டுக்கு அனுப்பிடுவேன்," என்றான் நெசவாளி உதயகுமார்.

துப்பறியும் சாந்திமதி, பிள்ளையார்பாளையத்து வீட்டில் அவன் தறியைப் பார்த்தாள். தங்கை கல்யாணத்துக்கென்று நெய்துகொண்டிருந்த சந்தன நிறப் பட்டில், களாப்பழச் சாறு ஊதாவாகப் பரவியிருந்தது. வீட்டுச் சாவி வைக்கும் இடம் அவன் மனைவி சுகாசினிக்கும் அண்ணி ஜோதிகாவுக்கும்தான் தெரியும். இருவரும் அன்று ஊறுகாய்க்குப் பச்சைக் களாக்காய் பறிக்கச் செவிலிமேட்டுப் பக்கம் போனவர்கள். என்றும் பச்சை மாறாத அந்த முள்ளுப் புதர்களில் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து, கூடை நிறையக் காயோடு திரும்பினார்களாம்.

"தங்கச்சிக்கு நெய்யிறீங்களே, எனக்கு ஒண்ணு நெய்ஞ்சு குடுத்தீங்களான்னு தெருவே கேக்க சண்ட போட்டா. அவ விரலப் பாருங்க," என்றான் உதயகுமார்.

சுகாசினியின் விரல்கள் கறுத்திருந்தன, மணிக்கட்டெல்லாம் கீறல். சோப்பு போட்டும் கறுப்பு போகவில்லை என்றாள். ஜோதிகாவின் கைகளோ பளிச்சென்று இருந்தன.

ஜினேஷுக்கு வாய் சும்மா இருக்குமா? சாந்திமதியின் அண்ணன் மகன், உதவியாளும் அவன்தான். ஓடியாடித் தேடுவது நான், பேர் வாங்குவது மட்டும் அத்தையா என்று அவனுக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல்.

"கறுத்த கைதான் அத்தை. கேஸ் முடிஞ்சுது," என்று முந்திக்கொண்டான்.

சாந்திமதி ஒரு கழிவுப் பட்டிழையைச் சுகாசினியின் விரலில் வைத்தாள். அது ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றது.

"இது பழச்சாறு இல்லப்பா. பச்சைக் காயைப் பறிச்சா வடியிற பால். பிசினா ஒட்டி, அழுக்கு சேந்து கறுத்திருக்குது. இந்தப் பொண்ணு புதருலதான் இருந்திருக்கா."

இன்னொரு இழையை ஜோதிகாவின் விரலில் வைத்தாள். இழை நழுவி விழுந்தது.

"நான் எண்ணெய் தடவிக்கினு பறிச்சேன்," என்றாள் ஜோதிகா.

"முள்ளுக்கு எண்ணெய் தெரியுமாம்மா? ஒரு கீறல்கூட இல்லியே. கடையில காய வாங்கிக் கூடைய ரொப்பிக்கினு, பழமும் வாங்கிக்கினு நேரா இங்க வந்திருக்கீங்க."

ஜோதிகா சுவரில் சாய்ந்தாள். "உதயா இவளத் தாங்கு தாங்குன்னு தாங்குறான். என் வூட்டுக்காரரு என்ன ஏறெடுத்தும் பாக்கறதில்ல. பத்திக்கினு எரிஞ்சுது. இவங்க பிரியணும்னு நெனச்சேன்."

ஜினேஷ் அத்தையின் முகத்தைப் பார்க்காமல் தலைகுனிந்துகொண்டான்.

உதயகுமார் மனைவியிடம் வந்தான். "சுகா, தப்பா நெனச்சிட்டேன்மா."

"ஊரக் கூட்டி என் கையக் காட்டினீங்க," என்றாள் அவள். "நீ பண்ணினியான்னு என்ன ஒரு தபா கேட்டீங்களா?"

அவள் உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு, அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.