ஏட்டு மூக்கில் இரண்டு சொட்டு

"ஐயய்யோ... எம் மூக்கு போச்சே!"

கள்ளக்குறிச்சி காவல் நிலையமே அதிர்ந்தது.

அலறியவர் மதுவிலக்கு ஏட்டு நாராயணசாமி.

சாதாரண மூக்கா அது? கல்வராயன் மலையில் எந்தப் பாறை இடுக்கில் சாராய ஊறல் புதைத்தாலும், கச்சிராயப்பாளையத்தில் நின்றபடியே திசை சொல்லும் மூக்கு! மூக்குக்கு விருது கொடுக்கும் வழக்கம் அரசாங்கத்தில் இல்லை. அதனால்தான் அது இன்னும் ஒரு ஏட்டின் முகத்திலேயே கிடந்தது.

இன்று அந்த மூக்குக்கு நேர் கீழே இன்ஸ்பெக்டர் வெங்கடேசன் ஒரு பாட்டிலைத் திறந்து நீட்டியிருந்தார்.

"இன்னாய்யா இது?"

"ப... பன்னீருங்களா ஐயா?"

"கள்ளச்சாராயம்யா!"

அதற்குத்தான் அந்த அலறல்.

"இட ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியல்ல வெட்டிச் சாய்ச்ச மரம் இன்னும் ரோட்டுல கெடக்குது. மலையிலேர்ந்து ஒரு மாட்டு வண்டி எறங்கல. டவுன்ல மட்டும் சரக்கு ஆறா ஓடுது! எப்படிய்யா?"

"தெரிலீங்க ஐயா..."

"எனக்குத் தெரியும். நீ காசு வாங்கிக்கினு மூக்கைப் பொத்திக்கினே! ரோடு சீராகறதுக்குள்ள ஊறல் வந்தாகணும். இல்லே... சஸ்பென்ஷன்!"

லஞ்சமா? நாராயணசாமியா? டீக்கடையில் ஓசி வடையைக்கூட அவர் பாதிதான் தின்பார்!

அரசு ஆஸ்பத்திரி. கைக்குட்டையில் சுற்றிய தடயத்தை டாக்டர் மணிமொழியின் மேஜைமேல் வைத்தார்.

"விஷம் டாக்டரம்மா! கொலை முயற்சி!"

"யாரை?"

"எம் மூக்கை!"

டாக்டர் தடயத்தைப் பிரித்தார். மூக்கடைப்புக்கான சொட்டு மருந்து.

"எப்பலேர்ந்து விடறீங்க?"

"மறியல் பந்தோபஸ்துல மழையில நின்னேங்க. சளி புடிச்சுது. அன்னையிலேர்ந்து..."

"தினம் எத்தனை தடவை?"

"அடைக்கறப்பல்லாம்."

"எப்பல்லாம் அடைக்குது?"

"எப்பவுமேங்க!"

டாக்டர் சிரித்துவிட்டார்.

"விஷமெல்லாம் இல்லை ஏட்டய்யா. மூணு நாள், மிஞ்சிப்போனா அஞ்சு நாள் விடற மருந்து இது. அதையும் தாண்டி விட்டா, வேகம் இறங்கினதும் உள்ளே சதை முன்னைவிட ஜாஸ்தியா வீங்கும். நீங்க மறுபடி விடுவீங்க. அது மறுபடி வீங்கும்..."

"அப்ப குற்றவாளி?"

"எதிர்ல மூக்கை உறிஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கார்! ரத்தக் கொதிப்பு இருக்கா?"

"இன்ஸ்பெக்டரைப் பாக்கறப்ப மட்டும்."

"கொதிப்பு இருக்கறவங்க டாக்டரைக் கேக்காம இதைத் தொடக் கூடாது. ஒரு பாட்டிலை ரெண்டு பேர் விட்டுக்கக் கூடாது. சின்னக் குழந்தைங்க கைக்கு எட்டவே கூடாது. புரியுதா?"

"எம் மூக்கு திரும்பி வருமாங்க?"

"முதல்ல ஒரு பக்கம் நிறுத்துங்க. அது திறந்ததும் மறுபக்கம். நடுவுல, கொதிக்க வச்சு ஆறின உப்புத்தண்ணி விடுங்க. கொஞ்ச நாள் படுத்தும். பொறுத்துக்கணும்."

வெளியே வந்த ஏட்டின் போலீஸ் மூளை விழித்துக்கொண்டது.

விட்டது நான்தான்... வாங்கி வந்தது? கான்ஸ்டபிள் அம்மாசி! பழசு தீருமுன்னே புதுசு நீட்டுவானே!

விலை போய்விட்டான்!

நாராயணசாமி மூச்சு விடவில்லை. விடவும் முடியவில்லை. ஒரு பக்கம் என்ன, ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்தே மருந்தைக் கொட்டி, பாட்டிலில் உப்புத்தண்ணீர் நிரப்பிக்கொண்டு, எல்லோர் எதிரிலும் தலையை அண்ணாந்து நடித்தார். வாயைத் திறந்தே தூங்கினார்.

மனைவி பெரியநாயகி தானே சொட்டு விட்டு, தலையைத் தடவி உருகினாள்.

"ரெண்டு சொட்டு ஜாஸ்தியா வுட்டுக்கயேன்யா..."

ஒரு மதியம். தட்டில் கருவாட்டுக் குழம்பு. திடீரென்று...

இடது மூக்கு திறந்தது!

முதலில் கருவாடு. அப்புறம்... வெல்லம்... வேலம்பட்டை... புளித்த நெடி...

ஊறல்!

வாசலில் அம்மாசி. கையில் புது பாட்டில்!

எச்சில் கையோடு பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தார் ஏட்டு.

"எவன்டா உனக்குக் காசு குடுத்தான்?"

"ஐயா! நாறுது ஐயா, கையை எடுங்க... நான் இல்லீங்க!"

மூக்கு அம்மாசியைச் சட்டை செய்யவில்லை. கொல்லைப்பக்கம் இழுத்தது. வைக்கோல் போரைத் தள்ளினார்.

கழுத்தளவு புதைத்த பானைகள்! பின்னால் பதுங்கியபடி, மலையில் இருக்க வேண்டிய மச்சான் சடையன்!

"மாமா... சௌக்கியமா?"

"வுடுய்யா அந்தப் புள்ளைய," என்றபடி வந்தாள் பெரியநாயகி. "மருந்து வாங்கியாரச் சொன்னது நாந்தான்."

"நீயா!"

"மலையில காச்சுனா எறக்க ரோடு ஏது? அதான் இங்கியே ஊற வெச்சான், எந் தம்பி. நீ ட்யூட்டிக்குப் போனதும் காச்சுவான். ஏட்டு வூட்டை எவன் சோதனை போடுவான்? உம் மூக்கு ஒண்ணுதான் இடைஞ்சலு."

"அடிப்பாவி! நீயே சொட்டு வுட்டு, தலையைத் தடவுனியே!"

"தடவுனது பாசத்துல. வுட்டது பொழப்புக்கு."

பிடித்தால் சொந்த வீடு. பிடிக்காவிட்டால் சஸ்பென்ஷன். நாராயணசாமி கண்ணை மூடினார். மூக்கு மூட மறுத்தது.

"அம்மாசி! இன்ஸ்பெக்டரைக் கூட்டியா."

ஜீப் வந்தது. சடையன் மாட்டுக் கட்டுத்தறியில் கட்டுண்டு கிடந்தான். வெங்கடேசன் கொல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எங்கய்யா ஊறல்?"

"உங்க பூட்ஸு அதுக்குள்ளதாங்க இருக்குது."

"வாசனையே வரலியே!"

சொன்னவர் பாக்கெட்டிலிருந்து குட்டி பாட்டிலை எடுத்தார். அண்ணாந்தார். பக்கத்துக்கு இரண்டு சொட்டு!

ஏட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயா... அது யாரு குடுத்தது?"

"உன் வூட்டம்மாதான்யா. ஸ்டேஷன்ல எல்லாருக்கும் ஆளுக்கொண்ணு குடுத்தனுப்புச்சு. தங்கமான பொம்பள! இது இல்லாட்டி இப்பல்லாம் மூச்சே வர மாட்டேங்குது..."

பெரியநாயகி வெட்கத்துடன் தலை குனிந்தாள்.

நாராயணசாமி விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"சஸ்பென்ஷன் ஆர்டர் அடிக்கறப்ப கார்பன் பேப்பர் ஜாஸ்தியா வெக்கச் சொல்லுங்கய்யா... மொத்த ஸ்டேஷனுக்கும் வேணும்!"