சீர்க் கொலுசு

செவ்வாய் கிரகக் குடியிருப்பின் நான்காம் குகையில், பால் வாங்கப் போகிறவர்கள்கூட வாயை ஆவென்று திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பல்லடைப்பில் வெள்ளியை ஒளித்துக் கடத்துகிறார்களா என்று உலோகநோக்கி எட்டிப் பார்க்கும். உலோகநோக்கி என்பது குகை வாசலில் நிற்கும் இயந்திரக் காவலர். வெள்ளி போர்க்கால உலோகமாகிவிட்டது. பதுக்கக் கூடாது என்று சட்டம். பதுக்காத வீடு ஒன்றுகூட இல்லை.

குகையின் குடிநீரில் கிருமி வளராமல் காத்து வந்தது வடிகட்டியில் இருந்த வெள்ளித் தகடு. அதையும் எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். புதுத் தகடு ஏற்றி வந்த கப்பலோ, விலை இன்னும் ஏறட்டும் என்று தரையிறங்காமல் வானத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. வெட்கங்கெட்ட கப்பல்!

செவ்வந்தியின் ஒரு வயது மகள் வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வாசலருகே நின்ற தண்ணீர் வரிசைக்கு நடுவே வந்து கத்தினாள்.

"குடிக்கிற தண்ணியில கை வச்சவன் வெளங்குவானா? பச்சப்புள்ள கெடக்கிற கெடயப் பாருங்க! ஒருத்தர் விடாம சோதன போடுங்க!"

அரசுத் தகட்டில் அடையாளத் துகள் கலந்திருக்கும், உருக்கினாலும் அழியாது. ஆனால் குழந்தைகளின் சீர் நகையைச் சோதிக்கக் கூடாது என்று மக்கள் போராடி விலக்கு வாங்கியிருந்தார்கள். இப்போது தாயே கேட்டுவிட்டாள். உலோகநோக்கி அவள் பக்கம் திரும்பியது.

"தகடு உங்கள் குழந்தையின் காலில் இருக்கிறது."

செவ்வந்தி, வரிசையில் நின்ற தன் தம்பி இசக்கிமுத்துவைப் பார்த்தாள். வடிகட்டி நிலையத்தில் வேலை பார்ப்பவன். மருமகளின் முதல் பிறந்தநாளுக்குத் தாய்மாமன் சீராக அந்தக் கொலுசைப் போட்டவனும் அவன்தான்.

"விக்கிற வெலையில நான் எங்கக்கா போவேன்? வெறுங்கையோட வந்திருந்தா ஒன் மாமியா என்ன பேச்சு பேசியிருக்கும்?"

செவ்வந்தி அவனைப் பளாரென்று ஓர் அறை விட்டாள்.

"சீர் நகையைப் பறிக்க எனக்குச் சட்டம் இல்லை. நீங்களே கழற்றி வடிகட்டியில் போட்டால், சாயங்காலமே எல்லோருக்கும் நல்ல தண்ணீர் வரும்" என்றது உலோகநோக்கி.

செவ்வந்தி கொலுசைக் கழற்றினாள். வரிசையே பெருமூச்சு விட்டது. அவள் வடிகட்டி நிலையத்தைத் தாண்டி நேராக வெள்ளிக் கடைக்குப் போனாள்.

"அதுல போட்டா நாளைக்கே இன்னொருத்தன் கழட்டிட்டுப் போயிருவான். இத வித்தா எம் புள்ளைக்கு வருசம் பூரா கேன் தண்ணி வாங்கிருவேன்."

ஊர் கொதித்தெழுந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? அதெல்லாம் இல்லை. வரிசை மொத்தமும் அவரவர் பதுக்கிய வெள்ளியை எடுத்துவர வீட்டுக்கு ஓடியது. கேன் தீர்ந்துவிடக் கூடாதே!