கட்டில் தூங்குவதற்கு மட்டும்

நாற்காலியிலிருந்து எழுந்து வந்து படுத்தபோது தலையணை சூடாக இருந்தது.

அரைமணி நேரமாக ஆள் படுக்காத தலையணை. விடுதி அறையின் ஜன்னல் திறந்திருந்தது, மின்விசிறி தலைக்கு மேலே கடகடத்துக்கொண்டிருந்தது, போர்வைகூடச் சில்லிட்டுப் போயிருந்தது. கன்னம் படும் இடம் மட்டும், யாரோ அப்போதுதான் முகத்தை எடுத்த மாதிரி, வெதுவெதுப்பாக, லேசான எச்சில் வாடையோடு இருந்தது. அவள் தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். தூங்காத மண்டைக்கு என்னதான் தோன்றாது.

போன பருவத் தேர்வில் விடைத்தாள் மேலேயே தூங்கிப்போனவள் அவள். திங்கட்கிழமை மறுதேர்வு. அதிலும் கோட்டைவிட்டால் படிப்பில் இடமில்லை என்று துறைத்தலைவர் எழுதியே கொடுத்துவிட்டார். அதனால்தான் இரவில் தூக்கம் வருவதற்கென்று கல்லூரி ஆலோசகர் எழுதித் தந்த தாளை வரி பிசகாமல் கடைப்பிடித்தாள். நாலு மணிக்கு மேல் காபி கிடையாது. இரவில் கைபேசி அறைத்தோழியிடம். கட்டில் தூங்குவதற்கு மட்டும். இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்துபோய் நாற்காலியில் உட்கார வேண்டும், கண் சொக்கினால்தான் திரும்பி வந்து படுக்கலாம்.

மறுநாள் இரவும் போய் உட்கார்ந்தாள். கண் சொக்கவே இல்லை. எதிர்க் கட்டிலில் அறைத்தோழியின் மூச்சு சீராகக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, அதோடு சேராமல், சற்றுத் தாமதமாக இன்னொரு மூச்சும் கேட்டது. அவளுடைய கட்டிலிலிருந்து.

விடியும்வரை அவள் அசையவில்லை.

காலையில் அறைத்தோழி பல் துலக்கிக்கொண்டே சிரித்தாள். "என்னடி ஆந்தை, நேத்து அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கின? குறட்டை வேற."

"நான் நாற்காலியிலதான்டி இருந்தேன்."

"கனவு கண்டிருப்ப."

ஆலோசகரும் அவளைப் பார்த்ததும் மகிழ்ந்துபோனார். "பாரும்மா, கருவளையமே போயிடுச்சு. இப்படியே விடாம செய்." அவளுக்கு வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருந்தது. சொன்னால் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள், தேர்வு எழுத விடமாட்டார்கள். திங்கட்கிழமை வரைக்கும் யார் தூங்கினால் என்ன என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஞாயிறு இரவு எழவே கூடாது என்றுதான் படுத்தாள். ஆனால் இருபது நிமிடம் ஆனதும் முதுகுக்குப் பின்னால் யாரோ இடம் கேட்டு நெருக்கினார்கள். பொறுமையாக. விடாமல். அவள் துள்ளி எழுந்து நாற்காலியில் போய் விழுந்தாள்.

போர்வை மேடானது. ஏறியது. இறங்கியது. தலையணையில் ஒரு பின்னல். அவளுடைய பின்னல்.

எழப் பார்த்தாள். கால் சொன்னபடி கேட்கவில்லை. கூப்பிட்டாள். சத்தம் வரவில்லை. கண்ணை மூடவும் முடியவில்லை.

விடிந்தது. கட்டிலில் இருந்தவள் சோம்பல் முறித்து எழுந்தாள். குளித்தாள். ஹால் டிக்கெட்டைப் பையில் வைத்தாள்.

"இப்பதான் ஆளு ஆளா இருக்க," என்றாள் அறைத்தோழி. "நல்லா எழுதுடி."

"எழுதிடுவேன்," என்றது அவளுடைய குரல். கதவு சாத்திக்கொண்டது.

அறைத்தோழியும் குளித்துவிட்டு வந்தாள். ஈரத் துண்டை உதறினாள். நேராக நாற்காலியைப் பார்த்து நடந்து வந்தாள். உட்கார்ந்திருந்தவள் உள்ளுக்குள் கதறினாள். அறைத்தோழி துண்டை அவள் முகத்தின் மேல் விரித்துக் காயப் போட்டுவிட்டு, வெளியே போய்க் கதவைப் பூட்டினாள்.