எண்பதாம் வருஷத்து ஊசி

டெலிபோன் அடித்தது.

நூகு கையிலிருந்த சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டு எடுத்தான்.

"நூகு... டாக்டர் மருதையன் பேசறேன்."

"சொல்லுங்க டாக்டர்."

"உன் பெட்டி ஒரு ஆளைக் கொன்னுடுச்சு."

வைத்துவிட்டார்.

நூகு ரிசீவரை வைத்தான்.

அவனுக்கு முப்பத்தாறு வயது. எட்டு வருஷம் குவைத்தில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களைத் துடைத்து, பிரித்து, மறுபடி மாட்டிவிட்டு, எண்பத்தெட்டு கடைசியில் காரைக்கால் திரும்பியவன். மற்றவர்கள் தங்கமும் டேப் ரிக்கார்டரும் கொண்டுவந்தார்கள். இவன் கம்பெனி குப்பையில் எறிந்த நாலு திரைகளையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கையும் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தான். கஸ்டம்ஸ்காரர் பிரித்துப் பார்த்தார். பரிதாபப்பட்டு விட்டுவிட்டார்.

மிச்சத்தை மெட்ராஸ் ரிச்சி தெருவில் பொறுக்கினான். பெட்டிக்குத் தகரம், மண்ணெண்ணெய் டின். உள்ளே ஓடுகிற விசிறி, யாரோ தலை காயவைத்த மெஷினில் இருந்தது.

ஆனால் வேலை செய்தது!

பெட்டி அவன் வீட்டுக் கூடத்தில். அங்கிருந்து மொட்டைமாடி மொட்டைமாடியாக ஒயர். டாக்டர் மருதையன் கிளினிக்குக்கு ஒன்று. பங்கஜவல்லியின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு ஒன்று. மதார் சாகிப்பின் டிராவல்ஸுக்கு ஒன்று. நாலாவது திரை சொந்த வீட்டில். எல்லோருடைய காகிதமும் ஒரே டிஸ்க்கில். அவரவர் பகுதிக்கு அவரவர் ரகசிய வார்த்தை.

வேலை இல்லாத நேரத்தில் விளையாட்டு. கப்பல் சண்டை. நூகுவே எழுதியது. இந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு அடுத்த வீட்டுக் கப்பலை மூழ்கடிக்கலாம். தெருவிலேயே அதிகக் கப்பல்களை மூழ்கடித்தவள் அவன் மனைவி அஜீசுன்னிசா.

"யாருங்க போன்ல?" என்றாள் அவள்.

"டாக்டரு. நம்ம பெட்டி ஒரு ஆளைக் கொன்னுடுச்சாம்."

அவள் பெட்டியைப் பார்த்தாள்.

"அது எங்கயும் போகலையே."

---

இரண்டரை மணிக்கு ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் தங்கையன் இறங்கினார். பின்னால் சிவப்புத் தொப்பியோடு ஒரு கான்ஸ்டபிள்.

"வா பாய். இல்ல, நீ வர வேணாம்... நான்தான் வந்துட்டேன். உட்காரு."

நூகு உட்காரவில்லை.

"செத்தது யாரு சார்?"

"குரும்பகரம் கோவிந்தராசு. பத்து ஏக்கர் சம்சாரி. தொடையில கட்டி, காய்ச்சல்னு வந்திருக்காரு. பதினோரு மணிக்கு டாக்டர் பென்சிலின் போட்டாரு. பதினொண்ணு அஞ்சுக்கு ஆள் முடிஞ்சிட்டாரு."

"அல்லாவே... அதுக்கு என் பெட்டி என்ன செஞ்சுச்சு?"

தங்கையன் புகார்க் காகிதத்தைப் பிரித்தார்.

"டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு. ஊசிக்கு முன்னாடி உன் பெட்டியில கோவிந்தராசு கார்டைப் பார்த்தாராம். ஒண்ணுமில்லையாம். அந்த நம்பிக்கையில டெஸ்ட் ஊசியும் போடலையாம். ஆள் செத்தப்புறம் திரும்பப் பார்த்தா, 'நோ பென்சிலின்'னு பெரிசா நிக்குதாம். காலையில அந்த வரியை உன் பெட்டி முழுங்கிடுச்சுங்கறாரு."

"பெட்டி வரியை முழுங்கிட்டு, அப்புறம் துப்புமா சார்?"

"அதை நீதான் சொல்லணும். குப்பையில பொறுக்குன மெஷினை ஆஸ்பத்திரிக்கு மாட்டி விட்டிருக்கே. அஜாக்கிரதையால மரணம். ரெண்டு வருஷம்."



"உடம்பு எங்க சார்?" என்றான் நூகு.

"டாக்டர் சர்டிபிகேட் குடுத்துட்டாரு. நான் சேதி கேட்டு வர்றதுக்குள்ள வீட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க. நாலு மணிக்கு எரிச்சிருவாங்க."

---

நூகு திரைக்கு முன்னால் உட்கார்ந்தான்.

"டாக்டரோட ரகசிய வார்த்தை உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். ஆனா உள்ள என்ன இருக்குன்னுதான் பார்க்க முடியாது. எப்ப கடைசியா எழுதுனாங்கங்கற நேரம் வெளியிலேயே தெரியும்."

தட்டினான். பட்டியல் ஓடியது. கோவிந்தராசுவின் பெயரில் நின்றது.

தங்கையன் குனிந்து படித்தார்.

"ஒண்ணு, ஒண்ணு, எண்பது. மணி பூஜ்யம் அம்பத்திரெண்டு." நிமிர்ந்தார். "எண்பதாம் வருஷம் ஜனவரியில நீ குவைத்துக்கே போகலையேய்யா."

நூகு தலையைக் குனிந்துகொண்டான்.

"இதுல கடியாரத்துக்கு பேட்டரி கிடையாது சார். தனியா ஒரு கார்டு போடணும். விலை ஜாஸ்தின்னு விட்டுட்டேன். கரண்டு போய் வந்தா, தேதி என்னன்னு கேக்கும். நாமதான் அடிக்கணும். அடிக்கலேன்னா எண்பதாம் வருஷம் ஜனவரி ஒண்ணு, ராத்திரி பன்னெண்டு மணின்னு அதுவா ஆரம்பிச்சிரும்."

"ஆக, இந்த நேரத்தை வச்சு நாக்குகூட வழிக்க முடியாது."

"முடியாது சார்."

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார்.

"இன்னைக்குத் தேதி அடிக்காதது நான்தான்" என்றாள் அஜீசுன்னிசா.

மூவரும் திரும்பினார்கள்.

"கரண்டு போனப்ப எனக்கும் பங்கஜவல்லி அக்காவுக்கும் சண்டை பாதியில நிக்குது. அவங்க கப்பல் ரெண்டுதான் மிச்சம். கரண்டு வந்ததும் ஓடிவந்து பெட்டியைப் போட்டேன். தேதி கேட்டுச்சு. எவ அடிப்பா? எண்டரைத் தட்டிட்டு உக்காந்துட்டேன்."

நூகு மெதுவாக எழுந்தான்.

"கரண்டு வந்த உடனேயா?"

"விசிறி சுத்தினது, நான் ஸ்விட்சைப் போட்டது, ரெண்டும் ஒண்ணுதான்."

"சார்... சப்ஸ்டேஷனுக்குப் போன் போடுங்க. காலையில கரண்டு எத்தனை மணிக்கு வந்துச்சுன்னு கேளுங்க."

தங்கையன் டெலிபோன் பக்கம் போனார். போனை எடுத்தார். பேசினார். வைத்தார்.

"ஒம்பதுக்குப் போயிருக்கு. பத்து நாப்பதுக்கு வந்திருக்கு. நோட்டுல எழுதி வச்சிருக்காங்க."

"அப்ப பெட்டிக்குப் பூஜ்யம்னா, ஊருக்குப் பத்து நாப்பது. பெட்டிக்கு அம்பத்திரெண்டு நிமிஷம்னா..."

தங்கையன் விரல் விட்டார்.

"பதினொண்ணு முப்பத்திரெண்டு."

"ஆள் செத்தது?"

"பதினொண்ணு அஞ்சு." புகார்க் காகிதத்தை மறுபடி பார்த்தார். "அந்த ஆளே கைப்பட எழுதியிருக்காரு."



"செத்து இருபத்தேழு நிமிஷம் கழிச்சு, யாரோ கார்டுல எழுதியிருக்காங்க" என்றான் நூகு.

"நீயே எழுதியிருக்கலாமே?"

"என்னையே ஜெயில்ல தள்ளுற மாதிரியா சார் எழுதுவேன்?"

தங்கையன் தாடையைத் தடவினார்.

"சரி. டாக்டர் கவனிக்காம ஊசி போட்டுட்டாரு. பயந்துபோய் பழியை உன் மேல போடறாரு. அவ்வளவுதானே?"

"இருங்க சார். இது செத்த டிஸ்க்கு. என்னைக்குக் கண்ணை மூடும்னு தெரியாது. அதனால வெள்ளிக்கிழமை தோறும் எல்லாத்தையும் பிளாப்பியில காப்பி எடுக்கறேன். அதுல பூட்டு கிடையாது. இதுவரைக்கும் நான் யாரோடதையும் திறந்து பார்த்ததில்ல."

"இப்பத் திற. சட்டம் சொல்லுது."

பிளாப்பி கரகரத்தது. போன வெள்ளிக்கிழமையின் கோவிந்தராசு திரையில் வந்தார்.

நூகு படித்தான். மறுபடி படித்தான்.

"சார்... பழைய நோட்டையும் பார்த்து ஏத்தியிருக்காரு. எண்பத்தாறுல பென்சிலின் போட்டிருக்கு. எண்பத்தேழுல ரெண்டு தடவை. போன வைகாசியில ஒரு தடவை. நாலு தடவையும், ஒண்ணுமில்லை, நலம்னு எழுதியிருக்கு."

"அப்ப 'நோ பென்சிலின்'?"

"கிடையவே கிடையாது. பழசையெல்லாம் அழிச்சிட்டுப் புதுசா எழுதியிருக்காரு."

தங்கையன் திரையிலிருந்து நிமிர்ந்தார்.

"பென்சிலின் ஒத்துக்கற ஆளுக்கு ஒத்துக்காதுன்னு ஏன்யா எழுதணும்?"

"ஒத்துக்கலேன்னு ஆயிட்டா, அது விபத்து சார். ஊசிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

மணி மூன்று பத்து.

ஜீப் பறந்தது.

---

குரும்பகரம். வாய்க்கால் கரையில் சிதை அடுக்கியாகிவிட்டது. கோவிந்தராசுவின் மகன் கொள்ளிச்சட்டியோடு நின்றான்.

"நிறுத்துப்பா" என்றார் தங்கையன்.

ஊர் முறைத்தது. அவர் நேராக வீட்டுக்குப் போனார். நூகு பின்னாலேயே ஓடினான்.

அமுதம் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

"அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு பென்சிலின் ஆகாதுன்னு டாக்டர் எப்பவாவது சொன்னாரா?"

"யாருங்கய்யா சொன்னது? போன வைகாசியில கால்ல ஆணி குத்துனப்ப, அதே ஊசிதான் போட்டாரு. மறுநாளே வயலுக்குப் போனாரே."

தங்கையன் நூகுவைப் பார்த்தார்.

"டாக்டருக்கும் அவருக்கும் ஏதாச்சும் மனஸ்தாபம்?"

"தெய்வம் மாதிரி நெனச்சாருங்க அவரை. பாரீசுல படிச்ச டாக்டருன்னு அவ்வளவு மரியாதை. மவனையும் அதே காலேஜுல படிக்க வைக்கணும்னு ஆசைப்பட்டாரு. எங்க நாத்தனாரு மவன் பாரீசுல இருக்கான். அவனுக்கு எழுதி, அந்தக் காலேஜுல விசாரிக்கச் சொன்னாரு. நேத்துதான் பதில் வந்துச்சு."

"என்ன எழுதியிருந்தாரு?"

"அங்கயே பொறந்த புள்ள. தமிழ் எழுத வராது. பிரெஞ்சுல எழுதியிருந்தான். எங்களுக்கு யாரு படிச்சுச் சொல்லுவா?"

அமுதம் மூக்கைச் சிந்தினாள்.

"கட்டியையும் காட்டிட்டு, அப்படியே டாக்டருகிட்டக் குடுத்துப் படிக்கச் சொல்லலாம்னு எடுத்துட்டுப் போனாரு."

"அந்தப் பிள்ளையோட டெலிபோன் நம்பர் இருக்காம்மா?" என்றான் நூகு.

---

பாரீசுக்கு டிரங்க்கால் கிடைக்க இரண்டு மணி நேரம் ஆனது. நாத்தனார் மகன் தடுமாறிய தமிழில் சொன்னான். அந்தக் காலேஜில் மருதையன் என்று ஒருவர் படித்ததே இல்லை. அப்படி ஒரு பெயர் பிரெஞ்சுப் பட்டாளத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்தது. வார்டு துடைக்கிற வேலையில்.

ஆறரை மணிக்கு தங்கையன் கிளினிக்கில் நுழைந்தார். டாக்டர் மருதையன் ஒரு குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்திருந்தார்.

"பெட்டிக்காரனை அரெஸ்ட் பண்ணியாச்சா?"

"இல்லீங்க. அது உங்களைக் காட்டிக் குடுக்குது."

நேரக் கணக்கைச் சொன்னார். மருதையன் பொறுமையாகக் கேட்டார். சிரித்தார்.

"எண்பதாம் வருஷம்னு சொல்ற மெஷினைக் கோர்ட் நம்புமா இன்ஸ்பெக்டர்?"

"நம்பாது. அதான் உடம்பைப் பாண்டிச்சேரிக்குப் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பிட்டேன். இப்ப பாரீசுலேர்ந்து வந்த கடுதாசியைக் குடுங்க."

சிரிப்பு நின்றது.

"எரிச்சிட்டேன்" என்றார் மருதையன். பிறகு, தன் வாய் என்ன சொன்னது என்று அவருக்கே புரிந்தது. குழந்தையின் அம்மா குழந்தையை வாரிக்கொண்டு ஓடினாள்.

"பதினேழு வருஷம்..." என்றார். "பதினேழு வருஷத்துல ஒருத்தர்கூட என் கையால சாகல. அந்த மனுஷன் கடுதாசியை நீட்டி, 'சத்தமாப் படிங்க டாக்டர்'னாரு."

கைகளை அவரே நீட்டினார்.

---

தங்கையன் நேராக நூகு வீட்டுக்கு வந்தார். அஜீசுன்னிசா டீ கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. கிளாஸைக் கையில் பிடித்தபடி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேஸ்தான் முடிஞ்சிருச்சே சார். இன்னும் என்ன யோசனை?" என்றான் நூகு.

"எட்டு வருஷமா எனக்கு பிரஷர் பார்த்தது அந்த ஆளுதான்யா."

"எப்படி இருக்குன்னு சொல்லுவாரு?"

"நார்மல்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாரு."

"இப்ப?"

தங்கையன் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டார்.

"இப்பத்தான் ஏறுது."